கனூ இருக்கைக்கு முதுகுத் தாங்கி: பொருத்தும் முன் அறிய வேண்டியவை

ஒன்ராறியோவின் ஏரிகளில் பனிக்கட்டி உருகத் தொடங்கியதும், மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வருவோரிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "இந்த முதுகை வைத்துக்கொண்டு நான் இனிக் கனூவில் ஏறலாமா?" கேட்பவர்களுள் முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கியவர்கள் உண்டு, இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர்கள் உண்டு, பக்கவாதத்திற்குப் பின் ஒரு கையின் வலிமையை மெல்ல மீட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களோடு வரும் பிள்ளைகள், "இருக்கைக்கு ஒரு சாய்வைப் பொருத்திவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். அம்மாவையோ அப்பாவையோ கரையில் தனியே உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் நீரில் இறங்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

பலருக்கு அந்தச் சாய்வே போதுமானது. ஆனால் முதுகுத் தாங்கி என்பது வரவேற்பறை நாற்காலியின் சாய்வு அன்று. உரிய உயரத்தில், உரிய முறையில் பொருத்தினால் அது முதுகைக் காக்கும். தவறாகப் பொருத்தினால் முதுகுக்கும் உதவாது. வள்ளம் கவிழும் வேளையில் உயிருக்கே இடராகவும் முடியும். இந்த இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதுகில்லாத இருக்கை

கனூ என்பது மேற்பகுதி திறந்த, ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தப்படும் வள்ளம். மேற்பகுதி மூடிய, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பைக் கொண்ட கயாக் வேறு. கயாக்கின் இருக்கையில் முதுகுப்பட்டி பெரும்பாலும் கூடவே வருகிறது. கனூவின் இருக்கையோ ஒரு வெறும் பலகை அல்லது பிரம்போ பட்டியோ பின்னிய மரச்சட்டம். அது வள்ளத்தின் மேல்விளிம்புகளிலிருந்து போல்ற்றுகளில் தொங்குகிறது. அதில் சாய ஏதும் இராது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்நிலத்தின் முதற்குடிகள் பூர்ச்ச மரப்பட்டையால் அமைத்த கனூக்களில் இன்றுள்ளவை போன்ற இருக்கைகள் இருக்கவில்லை. துடுப்புப் போடுவோர் வள்ளத்தின் தரையில் மண்டியிட்டனர். பீற்றர்பரோ நகரிலுள்ள கனடிய கனூ அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் இத்தகைய பழைய வள்ளங்களை நேரிலேயே காணலாம். இருக்கை பின்னர் வந்து சேர்ந்தது. அப்போதும் மண்டியிடுபவர் பிட்டத்தை ஊன்றிக்கொள்ளும் விளிம்பாகவே அது பெரிதும் பயன்பட்டது. இன்றும் சில கனூ இருக்கைகளின் முன்விளிம்பு சற்றுத் தாழ்ந்திருப்பது அதனாலேயே.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் நலமாயுள்ள ஒருவருக்கு, முழந்தாள்களைத் தடித்த மெத்தையில் ஊன்றிப் பிட்டத்தை இருக்கையின் விளிம்பில் வைத்து அமரும் அந்தப் பழைய முறையே முதுகுக்கு மிக இதமானது. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தானாகவே நிலைபெறுகிறது. உடலின் எடையும் தாழ்வாக இருக்கிறது. ஆனால் முழங்கால் மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு இது இயலாது. நம் முதியோரில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். எனவே அவர்கள் இருக்கையில்தான் அமர்ந்தாக வேண்டும். அங்கேதான் தாங்கியின் தேவை பிறக்கிறது.

அமரும்போது முதுகில் நிகழ்வது

நாம் அமரும்போது உடலின் எடையைப் பெரும்பாலும் இடுப்புக்கூட்டின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. தொடையின் பின்புறத் தசைகள் அந்த எலும்பு முனைகளிலேயே தொடங்கி முழங்காலுக்குக் கீழே சென்று முடிகின்றன. காலை முன்னே நீட்டினால் அத்தசைகள் இழுபட்டு இடுப்புக்கூட்டைப் பின்புறமாகச் சரிக்கின்றன. இடுப்புக்கூடு சரிந்தால் கீழ்முதுகின் உள்வளைவு தட்டையாகிறது, முதுகு கூனுகிறது. கனூவின் இருக்கை பெரும்பாலும் தரையிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்திலேயே இருப்பதால் கால்கள் நீண்டுவிடுகின்றன. அல்லது முழங்கால்கள் இடுப்புக்கு மேலே உயர்ந்துவிடுகின்றன. இரண்டும் முதுகைக் கூன வைப்பவையே.

இதன் விளைவு இடைத்தட்டுகளில் அளந்து காணப்பட்டுள்ளது. சுவீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் அல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதரின் இடைத்தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். சாய்வின்றி அமரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்று அவருடைய அளவீடுகள் காட்டின. 1999இல் ஜேர்மனியைச் சேர்ந்த வில்கேயும் குழுவினரும் ஒரு தன்னார்வலரிடம் மீண்டும் அளந்தபோது நிற்கையில் 0.5 மெகாபாஸ்கலும் சாய்வின்றித் தளர்வாக அமர்கையில் 0.46 மெகாபாஸ்கலும் பதிவாயின. இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முற்றாக முன்குனிந்து அமர்ந்தபோது அது 0.83 ஆக உயர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து தளர்ந்தபோது ஏறத்தாழ 0.3 ஆகத் தணிந்தது. ஒருவரிடம் மட்டும் பெற்ற அளவீடு என்பதால் இந்த எண்களை எல்லோருக்கும் அப்படியே பொருத்த இயலாது. எனினும் இரண்டு ஆய்வுகளும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன: அமர்வது மட்டுமே குற்றவாளி அன்று, கூனி அமர்வதுதான் இடைத்தட்டை அதிகம் வருத்துகிறது.

தமிழில் துடுப்பைச் செலுத்துவதையும் 'வலித்தல்' என்கிறோம். உடல் நோவதையும் 'வலித்தல்' என்கிறோம். கூனி அமர்ந்து இரண்டு மணி நேரம் முன்னதைச் செய்தவருக்குப் பின்னதும் வந்து சேர்வதில் வியப்பில்லை.

தாங்கியின் வேலை எது?

முதுகுத் தாங்கி பற்றிய மிகப் பொதுவான தவறான எண்ணம், அதில் சாய்ந்துகொண்டே துடுப்புப் போடலாம் என்பது. அப்படிச் செய்ய முனைந்தால் கைகள் மட்டுமே உழைக்கும்; தோள்மூட்டு விரைவில் சோர்ந்துவிடும். துடுப்பின் ஆற்றல் கையிலிருந்து வருவதைவிட, உடல் இடுப்பிலிருந்து இடமும் வலமுமாகத் திரும்புவதிலிருந்தே அதிகம் வரவேண்டும். நல்ல முறையில் துடுப்புப் போடுபவரைப் பின்னாலிருந்து பார்த்தால் அவருடைய தோள்கள் ஒவ்வொரு வீச்சிலும் திரும்புவதைக் காணலாம். உயரமான சாய்வு அந்தத் திருப்பத்தைத் தடுக்கிறது. தோள்பட்டை எலும்பு சாய்வில் இடிபடுகிறது; உடல் திரும்ப முடியாமல் கீழ்முதுகில் முறுக்கு விழுகிறது.

ஆகவே தாங்கி பிடித்துநிறுத்த வேண்டியது தோளையன்று, இடுப்புக்கூட்டை. இடுப்புக்கூட்டின் மேல்விளிம்பு பின்னால் சரியாதபடி, இடுப்புவார் கட்டும் இடத்தையும் அதற்குச் சற்று மேலுள்ள உள்வளைவையும் மட்டுமே அது தொட்டுநிற்க வேண்டும். அதன் மேல்முனை, தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிக்கு நான்கு விரற்கடையேனும் கீழே இருக்க வேண்டும். அளவு ஆளுக்கு ஆள் மாறும். எனவே விற்பனைச் சீட்டில் உள்ள உயரத்தை நம்பாமல், வீட்டில் ஒரு முக்காலியில் அமர்ந்து வேறொருவரைக்கொண்டு அளப்பதே சரி. சாய்வின் கோணம் நேர்குத்து நிலையிலிருந்து 5 முதல் 10 பாகை பின்னோக்கி இருந்தால் போதும்.

துடுப்புப் போடும்போது தாங்கி மெல்லத் தொடும் ஒரு நினைவூட்டல் மட்டுமே. துடுப்பை மடியில் வைத்து இளைப்பாறும்போதுதான் அதில் உண்மையாகச் சாய வேண்டும். பத்து நிமிடத் துடுப்பு, ஒரு நிமிடச் சாய்வு என்ற ஒழுங்கு முதுகுநோயாளிகளுக்கு நன்கு ஒத்துவருகிறது.

இன்னொன்று. பாதத்திற்கு ஊன்றுகோள் இல்லாமல் முதுகுக்குத் தாங்கி வைப்பது பாதி வேலை. துடுப்பை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உடல் முன்னோக்கி வழுக்கப் பார்க்கும். பாதம் எதையேனும் உதைத்து நின்றால்தான் இடுப்பு தாங்கியோடு ஒட்டிநிற்கும். இல்லையேல் பத்து வீச்சுக்குள் பிட்டம் முன்னே நழுவி, முதுகு கூனி, தாங்கி வெறுமனே பின்னால் நின்றுகொண்டிருக்கும். வள்ளத்தின் தரையில் குறுக்காக இறுக்கமாகப் பொருத்திய ஒரு கட்டை, முழங்கால் சற்று மடிந்திருக்கும் தொலைவில் இருந்தால் போதும். தாங்கியை வாங்கிப் பயனில்லை என்று அலுத்துக்கொள்வோரில் பலருக்குக் குறைவாக இருப்பது இந்தக் கட்டைதான் என்பது என் எண்ணம்.

எந்த வகை, எப்படிப் பொருத்துவது

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது, நுரைத்தகடு வைத்துத் தைத்த துணி மடக்கு இருக்கை. அடிப்பாகமும் முதுகுப்பாகமும் இருபுறப் பட்டிகளால் இணைந்திருக்கும். கனூ இருக்கையின் அடியில் பட்டியைச் சுற்றிக் கொளுக்கியால் இறுக்குவார்கள். எடை குறைவு; கரையில் எடுத்துப் போட்டும் அமரலாம். ஆனால் பட்டி தளர்ந்தால் சாய்வும் தளரும். அடித்தட்டு பிரம்பின்மேல் வழுக்கும். இரண்டாவது, மரமோ உலோகமோ பிளாஸ்திக்கோ ஆன சட்டம். இருக்கையின் பின்விளிம்பில் கவ்வி நிற்கும். உறுதி அதிகம். ஆனால் அதில் ஒருவர் பலமாகச் சாயும்போது நெம்புகோல் போல இருக்கைச் சட்டத்தின்மேல் விசை விழுகிறது. பழைய பிரம்பு இருக்கையும், போல்ற்றுத் துளையருகே விரிசல் கண்ட மரச்சட்டமும் இதைத் தாங்கா. பொருத்துமுன் இருக்கையைக் கவிழ்த்துப் பார்த்து, போல்ற்றுகளை இறுக்கி, விரிசல் இருப்பின் இருக்கையையே மாற்றிவிடுவது நல்லது.

வீட்டிலேயே செய்துகொள்வோரும் உண்டு. நீரை உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகளைக் கொண்ட நுரைக்கட்டியே இதற்கு ஏற்றது. மெத்தைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பொஞ் நீரைக் குடித்து நாள் முழுவதும் ஈரமாகவே கிடக்கும். ஈரம் தோலுக்குப் பகை. நுரைக்கட்டியை முதுகின் வளைவுக்கேற்பச் செதுக்கி, மெல்லிய ஒட்டுப்பலகையில் ஒட்டி, பின்னாலுள்ள குறுக்குச்சட்டத்திலோ இருக்கையிலோ பட்டியால் கட்டலாம். வாடகைக்கு எடுத்த வள்ளத்தில் எதையும் துளையிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொந்த வள்ளத்திலும் மேல்விளிம்பில் துளையிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. துளைக்காமலே பொருத்த வழி உண்டு.

பொருத்தியதும் நேரே ஏரிக்குப் போய்விட வேண்டாம். புல்தரையில் வள்ளத்தை அசையாதபடி நிறுத்தி, நோயாளி அதில் 20 நிமிடம் அமர்ந்து, கையில் துடுப்போடு திரும்பிப் பார்க்கட்டும். உயிர்காப்பு அங்கியையும் அணிந்தே பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர். அங்கியின் முதுகுப்புறத்தில் உள்ள மிதவை நுரை தாங்கியின்மேல் விளிம்பில் இடித்து, உடலை முன்னே தள்ளி, அங்கியைத் தோளுக்கு மேலே உயர்த்திவிடும். முதுகின் கீழ்ப்பாகம் வலைத்துணியாகவும் மிதவை நுரை தோள்பட்டைக்கு அருகிலும் அமைந்த அங்கிகள் கிடைக்கின்றன. தாங்கியோடு அவையே பொருந்தும். தாங்கி இடிக்கிறது என்பதற்காக அங்கியைக் கழற்றிவைப்பது மட்டும் கூடவே கூடாது. வள்ளத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். நோயிலிருந்து மீள்பவர் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

உயரமும் பட்டியும்

தாங்கியோடு வரும் தடித்த மெத்தை இருக்கையை உயர்த்துகிறது. கனூவில் எடை மேலே ஏற ஏற வள்ளம் ஆட்டங்காணும். ஒருசில சென்ரிமீற்றர் உயர்ந்தாலே பழகியவருக்கு வேறுபாடு தெரியும். சமநிலை குன்றியவருக்கு அது பெரிய வேறுபாடு. எனவே மெத்தை 2 அல்லது 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாதிருப்பது நல்லது. காற்றடைத்த மெத்தையை இருக்கையில் தளர்வாக வைத்து அமர்வதும் ஆட்டத்தைக் கூட்டும்.

அடுத்தது இதைவிட முக்கியமானது. இருக்கையிலிருந்து சரிந்துவிடுவாரோ என்ற அச்சத்தில், அன்பு மிகுந்த குடும்பத்தினர் சிலர் நோயாளியை இடுப்பில் ஒரு பட்டியால் தாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட எண்ணுகிறார்கள். சக்கரநாற்காலியில் கட்டும் பட்டிதானே என்று தோன்றும். நாற்காலி கவிழ்ந்தால் தரையில் விழும். கனூ கவிழ்ந்தால் தலைகீழாக நீருக்குள் போகும். கட்டப்பட்டவர் அதனோடு போவார். வள்ளத்தோடு மனிதரை எந்நிலையிலும் கட்டலாகாது. உடல் பக்கவாட்டில் சரியும் இயல்புடையவருக்கு இருபுறமும் நுரைக்கட்டிகளை வைத்து அணைப்பு அமைக்கலாம். அவை வள்ளம் கவிழும்போது அவரைத் தடுக்காமல் விட்டுவிடும். தொங்கும் பட்டி முனைகளையும் வெட்டியோ சுருட்டியோ வைக்க வேண்டும். காலில் சிக்குவன அவைதாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கனூப் போட்டி 2016இல் ரியோ பராலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே போட்டியாளர்கள் தம் உடலுக்கேற்ப வடிவமைத்த இருக்கைகளோடு நீரில் இறங்குகின்றனர். ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அருகே மீட்புப் படகு நிற்கிறது. குடும்ப உலாவுக்கு அந்த முன்மாதிரி பொருந்தாது.

மே, யூன் மாதங்களில் காற்று இதமாயிருக்கும்; நீர் இன்னும் கடுங்குளிராயிருக்கும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் உடல் படும் பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய '1-10-1' என்ற நினைவுக்குறிப்பு இவ்வாறு சொல்கிறது: குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் பயன்தரும் வகையில் இயங்க ஏறத்தாழ 10 நிமிடம், குளிரால் நினைவிழக்கும்வரை ஏறத்தாழ 1 மணி நேரம். இது நலமுள்ளவருக்கான கணக்கு. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் மேலும் சுருங்கும் என்றே கொள்ள வேண்டும். நோயிலிருந்து மீண்டவரின் முதல் பயணம் நீர் வெப்பமடைந்த பின்னர், காற்றில்லாத நாளில், கரையை ஒட்டியே அமையட்டும்.

நோய்க்கு ஏற்ற மாற்றங்கள்

இடைத்தட்டுப் பிதுக்கத்தால் காலுக்கு வலி இறங்குபவருக்கு, உள்வளைவைக் காக்கும் தாங்கி பெரும்பாலும் இதமளிக்கும். முள்ளந்தண்டின் கால்வாய் ஒடுங்கிய முதியவருக்கு நிலைமை நேர்மாறு: அவருக்கு நிமிர்ந்தால் வலி கூடும், சற்றுக் குனிந்தால் குறையும். கடையில் உள்ள தடித்த கீழ்முதுகு மெத்தையை அவர் முதுகுக்குப் பின்னால் திணித்தால் அது துன்பமே தரும். அவருக்குத் தட்டையான, சற்றே பின்சரிந்த தாங்கி போதும். ஒரே வீட்டில் தந்தைக்கு ஒத்துவந்த தாங்கி மகனுக்கு ஒவ்வாமற்போவது இதனால்தான்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முன்குனிந்தபடியே உடலை முறுக்குவதைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பின் முன்பகுதி நசுங்கும் அபாயம் அந்த அசைவில் உண்டு. அவர்கள் துடுப்பைத் தொலைவில் எட்டிப் போடாமல், அருகில் சிறு வீச்சாகப் போடட்டும்.

இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவருக்குத் தாழ்ந்த இருக்கையே சிக்கல். இடுப்பைத் 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம் என்று அறுவைக்குப் பின் சிலருக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. அது எவ்வளவு காலம் என்பது அறுவை செய்த முறையைப் பொறுத்தது. அமர்ந்திருப்பதைவிட, தாழ்ந்த வள்ளத்துள் இறங்குவதும் அதிலிருந்து எழுவதுமே மூட்டு நழுவ இடந்தரும் தருணங்கள். அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை எந்தத் தாங்கியும் இக்குறையைப் போக்காது.

முள்ளந்தண்டு வடம் காயமுற்று உணர்ச்சி குன்றியவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலி தெரியாத இடத்தில் எச்சரிக்கையும் இல்லை. மரச்சட்டத்தின் விளிம்பு, போல்ற்றுத் தலை, பின்னலின் முடிச்சு, சட்டைப்பையில் மறந்துவைத்த திறப்பு ஆகிய எதுவும் ஒரு மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்கப் போதுமானது. நனைந்த உடையும் உப்பும் மணலும் அதை விரைவுபடுத்தும். இத்தகைய அழுத்தப்புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். ஒரு நாள் உலாவுக்கு ஒரு கோடைகாலத்தையே விலையாகக் கொடுக்க நேரலாம். ஆகவே இருக்கையிலும் தாங்கியிலும் கடினமான இடங்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்து நுரையால் மூட வேண்டும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, பக்கவாட்டில் சாய்ந்தோ முன்னே வளைந்தோ எடையை மாற்ற வேண்டும். வள்ளம் ஆடுமென்றால் கரையை அணைந்து செய்யலாம். கரையேறியதும் பிட்டம், வால் எலும்புப் பகுதி, தாங்கி தொட்ட இடம் ஆகியவற்றைக் கண்ணாடியாலோ துணைவரைக்கொண்டோ பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பின்னும் மறையாத சிவப்போ கருமையோ இருந்தால் அவ்விடத்தில் மீண்டும் அமரக் கூடாது. உடனே தாதியரைத் தொடர்புகொள்ள வேண்டும். நம் நிறத்துத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், நிறம் ஆழ்ந்திருத்தல் ஆகியவற்றைக் கையால் தொட்டு அறிய வேண்டும்.

மார்புப்பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ வடம் காயமுற்றவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. இறுகிய பட்டியோ நிறைந்த சிறுநீர்ப்பையோ அவர்களுடைய இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏறச்செய்யலாம். பொறுக்க முடியாத தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியன அதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி அமர்த்தி, இறுக்கமான யாவற்றையும் தளர்த்தி, சிறுநீர்க்குழாயைச் சரிபார்க்க வேண்டும். தணியாவிடின் 911ஐ அழைக்க வேண்டும்.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மேலே சொன்ன பாதக்கட்டையை வெறுங்காலால் உதைக்க வேண்டாம். நீரில் அணியும் மூடிய சப்பாத்து அவர்களுக்கு இன்றியமையாதது.

உடன் செல்வோருக்கு

நோயாளியின் முதுகைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பத்தினர் தம் முதுகை மறந்துவிடுகிறார்கள். துடுப்பைவிட, வள்ளத்தைத் தூக்குவதே பெரும் ஆபத்து. வில்கேயின் அதே அளவீட்டில், 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது இடைத்தட்டின் அழுத்தம் 2.3 மெகாபாஸ்கலாக எகிறியது. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. இலகுவான கனூவே 18 கிலோ அளவில் இருக்கும். அலுமினிய வள்ளம் 30 கிலோவையும் தாண்டும். வாகனத்தின் கூரையிலிருந்து அதை இறக்க இருவர் வேண்டும். முதுகுநோயாளி அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. அல்கோன்குவின் பூங்காவில் நீர்வழிகள் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் உள்ளன. அவற்றின் நடுவே ஏரிக்கு ஏரி வள்ளத்தைத் தோளில் சுமந்து கடக்க வேண்டிய இடங்களும் பல. இவ்வாண்டு அப்படிச் சுமக்கத் தேவையில்லாத ஒற்றை ஏரியைத் தெரிந்தெடுங்கள்.

ஏற்றும்போது வள்ளம் முழுவதும் நீரில் மிதக்க வேண்டும். ஒரு முனை கரையில் தட்டி நின்றால் அது உருளும். ஒருவர் வள்ளத்தைப் பிடித்துக்கொள்ள, நோயாளி இரு மேல்விளிம்புகளையும் பற்றித் தாழ்ந்து நடுவில் கால்வைத்து அமரட்டும். முதுகுத் தாங்கியைப் பிடித்து அவர் எழவோ அமரவோ கூடாது. அது சாய்வதற்கானது, கைப்பிடி அன்று. முன் இருக்கையில் அவரும், வள்ளத்தைத் திருப்பப் பழகியவர் பின் இருக்கையிலும் இருந்தால் பின்னாலிருப்பவர் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வரலாம். தோள் ஒருபுறம் தாழ்கிறதா, வீச்சு குறுகுகிறதா, அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாரா என்பதை அவர் சொல்லுமுன்னே கண்டுகொள்ளலாம். "களைக்கவில்லை" என்ற பதிலை நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் இடத்தில் முழுமையாக நம்பிவிட வேண்டாம்.

முதல் நாள் 20 நிமிடம் போதும். மறுநாட் காலையில் வலி முன்பிருந்த அளவிலேயே இருந்தால் அடுத்த முறை 10 நிமிடம் கூட்டலாம். கூடியிருந்தால் இயன்மருத்துவரிடம் காட்டும்வரை நிறுத்திவைக்க வேண்டும். தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மரப்பு, சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் அடக்க இயலாமை, காலில் புதிதாய் வரும் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும் மறுநாள்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

தாங்கி வாங்குமுன் ஆலோசனை பெற விரும்புவோர், அடுத்த சந்திப்பின்போது வள்ளத்தின் இருக்கையை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களையும், இருக்கையின் அகலம், தரையிலிருந்து அதன் உயரம் ஆகிய அளவுகளையும் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தாங்கியையும் உயிர்காப்பு அங்கியையும் சேர்த்தே எடுத்துவாருங்கள். இயன்மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ அதை உங்கள் உடலில் வைத்துப் பார்த்து உயரத்தைக் குறித்துத் தருவார்கள்.